அங்பாவ் உறையில் வந்த சம்பளம்

மே 19, செவ்வாய்

எழும்பியதும் செய்த முதல் வேலை: நேற்று நனைந்த சப்பாத்துக்குள் திணித்து வைத்த பேப்பரை உருவி எடுத்தது. உள்ளே இன்னும் ஈரம். வேறு சோடி இல்லை. அதையே போட்டேன். வெளியே தூறல். மே மாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என் அறையிலிருந்து கவிதா வீட்டுக்கு நடந்து பன்னிரண்டு நிமிடம். ஏழே முக்காலுக்குப் போய் நிற்க வேண்டும். அவள் எட்டு மணி ரயிலுக்கு ஓடுவாள். அவள் கணவன் தினேஷ் வீட்டு மாடியிலிருந்தே வேலை. அவர்களின் மூன்று வயது மகள் மாயா என்னோடு, மாலை ஆறரை வரை.

"அக்கா, பசியாறியாச்சா?"

காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கவிதா தன் மலேசியத் தமிழில் கேட்பது. இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். ஓம் என்றேன். பிறகு நான்காவது தடவையாக பி60 கேட்டேன். வருட முடிவு வரிச் சான்றிதழ். ஏப்ரல் ஐந்தோடு முடிந்த வருடத்தில் எனக்கு எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி, எல்லாம் ஒரே தாளில். மே முடிவதற்குள் முதலாளி தந்துவிட வேண்டும்.

"ஐயோ, மறந்தே போச்சு லா! பேரோல்காரங்க ஈமெயில்ல போட்டிருப்பாங்க. நாளைக்குக் கண்டிப்பா பிரிண்ட் பண்றேன்."

மத்தியானம் மாயா தூங்கியபின் என் கணவர் அன்ரன் தொலைபேசி எடுத்தார். மன்னாரில் பின்னேரம் ஆறாகப் போகிறது, பின்னால் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்க்கும் சத்தம்.

"தாள் வந்ததோ?"

"இன்னும் இல்லையப்பா."

"அவசரப்படுத்தாதையும். நல்ல ஆக்கள் எண்டுதானே சொன்னனீர்."

சொன்னேன்தான். கலியாணம் முடித்து வரும் செப்டம்பரில் இரண்டு வருடம். ஒன்றாக இருந்த நாள் நாற்பத்து மூன்று. எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் உண்டு. ஆனால் கணவனைக் கூப்பிட வேண்டுமானால் அரசு கேட்கும் அளவு உழைக்கிறேன் என்று காட்ட வேண்டும். அந்த அளவுக்கு மேலேயே உழைக்கிறேன். தாள் மட்டும்தான் பாக்கி.

வாங்க: பால், சப்பாத்துக்குள் போடும் அட்டை, மாயாவுக்கு நீலக் களிமண் (சிவப்பு வேண்டாமாம்).


மே 20, புதன்

வெயில். மாயா வான்டில் ஆற்றங்கரையில் ஒரு வாத்துக்குத் தன் தொப்பியைக் கொடுத்துவிட்டாள். வாத்து எடுக்கவில்லை, ஆறு எடுத்துக்கொண்டது.

பி60 வந்தது. கவிதா (இனி க.) குசினி மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பின்பக்கத்தில் மாயா கீறிய யானை. மிச்சத் தாளில் அடித்திருக்கிறாள். அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. முன்பக்கத்தைப் பார்த்தபின்தான் நினைத்தேன்.

சம்பளம் என்ற பெட்டியில் இருந்த தொகை என் சம்பளம் இல்லை.

முதலில் வேறு யாருடையதோ என்று நினைத்தேன். பெயர் என்னுடையது. தேசியக் காப்புறுதி எண் என்னுடையது. பிறகு வரி கழித்த தொகையோ என்று நினைத்தேன். இல்லை, அது கழிக்கும் முன் உள்ள தொகைதான், பக்கத்துப் பெட்டியில் வரி தனியாக இருக்கிறது. விளையாட்டுப் பூங்கா வாங்கில் உட்கார்ந்து கைபேசியில் கூட்டினேன். வங்கிக்கு மாதாமாதம் வந்ததைப் பன்னிரண்டால் பெருக்கி, அதோடு வரி, அதோடு காப்புறுதி. பவுண் பிசகாமல் சரி.

அப்படியானால் அங்பாவ் எங்கே?

மலேசியாவில் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் காசு வைத்துக் கொடுக்கிற சின்னக் கடதாசி உறை. சீனரிடமிருந்து வந்த பழக்கம், இப்போது தமிழருக்கும் தீபாவளிக்கு அதுதான் என்று க. முதல் மாதமே சொல்லித் தந்தாள். ஊதா நிறம், பொன்னிறத்தில் விளக்குப் படம். ஒவ்வொரு இருபத்தெட்டாம் திகதியும் வங்கிக்கு ஒரு பங்கு, மிச்சம் அந்த உறையில். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு கையாலும் பிடித்துத்தான் தருவாள். நானும் இரண்டு கையாலும் வாங்குவேன். அவள் முன்னால் எண்ணியதே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த நாள் அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "கையில வர்ற காசு இவ்வளவு. டாக்ஸ் எல்லாம் நாங்க பாத்துக்கிறோம், அக்கா." லண்டனில் பிள்ளை பார்க்கிற வேலைக்குச் சம்பளம் பேசுவதே இப்படித்தான், கையில் வருவதைச் சொல்லி. முழுத் தொகைக்கும் வரி கட்டுகிறார்கள் என்று நம்பினேன். வீட்டில் சில்லறை தேவை, அதனால் கொஞ்சம் காசாகத் தருகிறார்கள் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மாதச் சம்பளச் சீட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை. போன வருடப் பி60 கேட்டதில்லை. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். நான் யாழ்ப்பாணத்தில் வணிகப் பட்டம் எடுத்தவள். கணக்காய்வுக்கென்று ஒரு முழு வருடம் படித்தவள்.

மாயா (ஜெசி என்று அவள் வாயில் வராது): "ஜேஜி, why is your face like that?"

எந்த மாதிரி?

"Like closed."


மே 21, வியாழன்

கேட்டேன். க. வேலையிலிருந்து வந்து சப்பாத்துக் கழற்றும்போதே. இல்லாவிட்டால் துணிவு போய்விடும்.

"கவிதா, இதில உறையில தாற காசு இல்லை."

"ஆமா அக்கா. அது அங்பாவ்தானே."

"அது சம்பளம்."

"சம்பளம் பேங்க்ல வருது. இது நாங்க பிரியப்பட்டுக் குடுக்கிறது. கிஃப்ட் மாதிரி லா."

மூன்றில் ஒரு பங்கு பிரியம். மாதம் தவறாமல், ஒரு பவுண் கூடாமல் குறையாமல், இருபத்தாறு மாதப் பிரியம்.

தினேஷ் மாடியிலிருந்து இறங்கி வந்தான். சிரித்த முகம். கோபப்படத் தெரியாத பிள்ளை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். லண்டனில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றான். எனக்கும் வரி மிச்சம்தானே என்றான். விசாவுக்கு முழுத் தொகை தேவை என்று நான் சொன்னதும் கையைத் தட்டினான்.

"அவ்வளவுதானே? லெட்டர் ஒண்ணு எழுதித் தர்றேன். முழு அமவுண்ட்டும் போட்டு. கையெழுத்து, டேட், எல்லாம். வேற என்ன வேணும்?"

நிம்மதி வந்தது. நன்றி சொன்னேன். இரண்டு தடவை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், மறக்காதிருக்க.


மே 22, வெள்ளி

கடிதம். தடித்த தாள், தினேஷின் பெரிய கையெழுத்து. என் வருடச் சம்பளம் முழுமையாக, எழுத்திலும் எண்ணிலும். இந்த முறை பின்பக்கத்தில் யானை இல்லை.

அன்ரனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப சரிதானே, ஜெசி. நான் பள்ளிக்கூடத்தில சொல்லட்டோ? அதிபர் ஒவ்வொரு நாளும் கேக்கிறார், அடுத்த வருசம் இருப்பியோ இல்லையோ எண்டு."

"கொஞ்சம் பொறுங்கோ. நாளைக்கு லோயரிட்டக் காட்டிப்போட்டு."

"நீர் எப்பவும் இப்பிடித்தான்."

பிறகு ஆட்டிறைச்சி விலை சொன்னார். என்ன விலை சொன்னார் என்று நினைவில்லை.

மாயாவுக்குக் காலில் மெல்லிய தடிப்பு. களிம்பு பூசினேன். க. வுக்குப் படம் அனுப்பினேன். மூன்று இதயம் திருப்பி அனுப்பினாள்.


மே 23, சனி

கடும் வெயில். அப்டன் பார்க்கில் வழக்கறிஞர் அலுவலகம். நகைக்கடைக்கு மேல் மாடி, ஒடுக்கமான படி, கீழே மாம்பழப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட மனமில்லாமல் வழிவிட்டார்கள். அறுபது வயதிருக்கும் மனிதர், வல்வெட்டித்துறைப் பக்கம். ஒரு கையில் பி60, மறு கையில் கடிதம். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இதை வேற ஆருக்கும் காட்டினீங்களோ?"

"இல்லை."

"காட்டாதேங்கோ. இந்த ரெண்டையும் சேத்துப் போட்டால் என்ன நினைப்பினம்? வரித் திணைக்களத்தில ஒரு தொகை, கடிதத்தில ஒரு தொகை. ஒண்டு பொய். விசாவுக்குப் பொய்த்தாள் குடுத்தவ எண்டு உங்கட பேரிலயும் உங்கட மனுசன்ர பேரிலயும் விழும். பிறகு வருசக்கணக்கா ஒண்டும் செய்யேலாது."

"கடிதம் உண்மை, ஐயா. பி60 தான் பொய்."

"அது எனக்கு விளங்குது. அவைக்கு விளங்காது. அவை பாக்கிறது வரிக் கணக்கும் வங்கியில விழுந்த காசும்."

வேறு வழி?

"வேலை தாறவையைத் திருத்தச் சொல்லுங்கோ. வருசம் முடிஞ்சாலும் திருத்தலாம். அவை கட்டாத வரியைக் கட்டவேணும், அவ்வளவுதான். இனி வாற சம்பளம் முழுக்க வங்கிக்கு வரவேணும், ஆறு மாசச் சம்பளச் சீட்டு வேணும். அதுக்குப் பிறகுதான் விசாவுக்குப் போடலாம்."

ஆறு மாதம். இன்றைக்கே எல்லாம் சரியானாலும் ஆறு மாதம்.

திரும்பும் ரயிலில் இருக்கை கிடைத்தும் நின்றேன். உட்கார முடியவில்லை. நான் நன்றி சொன்ன கடிதம். என்னையும் அன்ரனையும் புதைத்திருக்கும் கடிதம். தினேஷ் தெரிந்தா எழுதினான்? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது இன்னும் மோசம். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் எழுதியிருக்கிறான். கையைத் தட்டிக்கொண்டு.


மே 24, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை. பிரசங்கம் காதில் விழவில்லை. பிறகு மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும். ரெஜினா அக்காவை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் சொன்னேன். அறுபத்தேழு வயது. நம்மவர் கடை ஒன்றின் பின்னறையில் பதினொரு வருடம் மரக்கறி பொதி செய்தவர்.

"எனக்கும் உறைதான். உன்ரை மாதிரி வடிவான உறை இல்லை, மிளகாய்த்தூள் பையைக் கிழிச்சுச் சுத்தித் தருவார். எண்ணேக்க தும்மல் வரும்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"பென்சனுக்குப் போட்டனே. பதினொரு வருசத்தில நாலு வருசம்தான் என்ர பேரில கிடக்குதாம். மிச்சம் நான் வேலை செய்யேல்லையாம். பென்சன் கந்தோர்ப் பெட்டையிட்டச் சொன்னன், என்ர முழங்காலைப் பார் பிள்ளை, அதில எழுதியிருக்கு எண்டு."

"முதலாளியிட்டப் போய்க் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். எங்கட ஆக்களைக் காட்டிக் குடுக்கப் போறியோ எண்டார். அதோட விட்டிட்டன். நீயும் கவனம். வேலை போனால் புருசனையும் கூப்பிடேலாது, வாடகையும் குடுக்கேலாது."

ஒவ்வொரு ஞாயிறும் இதே மண்டபத்தில் அந்த முதலாளி இவருக்குச் சர்க்கரை எடுத்துக் கொடுக்கிறார். இன்றும் கொடுத்தார். "ரெஜினா, ரெண்டோ மூண்டோ?" நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.


மே 25, திங்கள். வங்கி விடுமுறை

எனக்கும் விடுமுறை. காலை ஒன்பதுக்கு க. விடமிருந்து செய்தி: நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள், ரெண்டே ரெண்டு மணி நேரம் மாயாவைப் பார்க்க முடியுமா, நீங்களும் சாப்பிடலாம், ஃபேமிலி மாதிரித்தானே.

போனேன். ஏன் போனேன்? திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது, முகத்தை முறிக்கக் கூடாது என்று. ரெண்டு மணி நேரம் நாலரை மணி நேரம் ஆனது.

தோட்டத்தில் கோழி வாட்டினார்கள். நானும் மாயாவும் குசினிக் கதவடியில் களிமண் நத்தை செய்துகொண்டிருந்தோம். தினேஷின் நண்பன் ஒருவன், மனைவி நிறைமாதம், பிள்ளை பார்க்க ஆளுக்கு லண்டனில் என்ன செலவு என்று புலம்பினான். தினேஷ் குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"பேங்க்ல கொஞ்சம், அங்பாவ்ல கொஞ்சம். டாக்ஸ் மிச்சம். ஏஜென்சிக்குப் போனா எல்லாம் பேப்பர் கேப்பாங்க. நம்ம ஆளுன்னா கேக்க மாட்டாங்க லா."

நண்பனின் மனைவி: "அப்ப எங்களுக்கும் ஒரு அக்கா புடிச்சுக் குடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். க. மட்டும் கதவுப் பக்கம் பார்த்தாள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். பார்த்துவிட்டுச் சாலட்டைக் கிளறினாள்.

என் கையிலிருந்த நத்தை தட்டையாகிவிட்டது. மாயா அழுதாள். புதிது செய்து கொடுத்தேன்.


மே 26, செவ்வாய்

மாலை ஆறரை. மாயா தொலைக்காட்சி முன்னால். இருவரையும் உட்காரச் சொன்னேன். நான் உட்காரவில்லை.

இரண்டு வருடத்தையும் திருத்த வேண்டும், இனி முழுச் சம்பளமும் வங்கிக்கு வர வேண்டும் என்றேன். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது என்ன செய்திருக்கும் என்றும் சொன்னேன். தினேஷ் அதை மடித்துக்கொண்டே இருந்தான், மடிக்க இடமில்லாமல் போகும்வரை.

"அக்கா, பழசைத் திருத்தினா எவ்வளவு கட்டணும் தெரியுமா? அபராதம் வேற. அப்புறம் உங்களை வெச்சுக்க எங்களால முடியாது. செப்டம்பர்ல மாயா நர்சரிக்கு வேற போறா."

தினேஷ் அதோடு நிறுத்தவில்லை.

"அதோட, வாங்கினது நீங்கதானே? உங்களுக்கும் பிரச்சனை வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இதைச் சொல்லும்போது அந்தச் சிரித்த முகம் மாறவேயில்லை. இவ்வளவு நாளும் நான் மென்மை என்று நினைத்தது அந்த முகத்தின் அமைப்பு மட்டும்தான்.

க. அழத் தொடங்கினாள். "எனக்கு இங்க யாரு இருக்காங்க? உங்களை அக்கான்னுதான் கூப்பிடுறேன். ஒரு நாளாவது வேலைக்காரி மாதிரி நடத்தியிருக்கேனா?"

"நடத்தியிருக்கலாம், கவிதா. வேலைக்காரிக்குச் சம்பளச் சீட்டு குடுக்கவேணும். அக்காவுக்குத் தேவையில்லை. என்னை வேலைக்காரி எண்டே எழுதுங்கோ."

மாயா திரும்பிப் பார்த்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், பையை மறந்து. திரும்பிப் போய் மணி அடிக்க வேண்டியிருந்தது. தினேஷ் பையை நீட்டினான். "தேங்க்ஸ்" என்று வந்தது என் வாயில். பழக்கம்.


மே 27, புதன்

மூட்டம்.

க. பசியாறியாச்சா என்று கேட்கவில்லை. கேட்காதது நல்லதென்று நினைத்தேன். பத்து மணி வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்ரனுக்கு இன்னும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

"ஏன்? ஏதும் பிரச்சினையோ?"

"தாளில ஒரு பிழை."

"சின்னப் பிழைதானே?"

"பாப்பம்."

"ஜெசி, நான் காத்திருப்பன். அது ஒண்டும் இல்லை."

அவருக்கு நாற்பத்தொன்பது. எனக்கு நாற்பத்தாறு. காத்திருப்பதில் இருவரும் ஏற்கெனவே கெட்டிக்காரர். எனக்கு அந்தக் கெட்டித்தனம் வேண்டாம்.

தகவல் (நூலகக் கணினியில் பார்த்தது):
— வரியைப் பிடித்துக் கட்டுவது முதலாளியின் பொறுப்பு. பிள்ளை பார்க்க ஆள் வைத்தவர்களும் முதலாளிதான்.
— வரி பிடிக்கவில்லை என்று தெரிந்தும் வாங்கினால் என்னிடமும் கேட்கலாம். தெரிந்ததா? மே 20 க்கு முன் இல்லை. இனி வாங்கினால் ஓம்.
— வேலை செய்தவரே வரித் திணைக்களத்துக்குத் தொலைபேசியில் சொல்லலாம். வங்கிக் கணக்கு, திகதி, தொகை.

மூன்றாவதை இரண்டு தடவை வாசித்தேன். பக்கத்துக் கணினியில் ஒரு பையன் உதைபந்து பார்த்துக்கொண்டிருந்தான், சத்தமில்லாமல்.


மே 28, வியாழன்

சம்பள நாள். வங்கிக்கு வழக்கமான பங்கு வந்தது. மாலை தினேஷ் உறையோடு நின்றான். க. வரவில்லை, மேலே குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

உறை வழக்கத்தைவிடத் தடிப்பு.

"கொஞ்சம் கூட வெச்சிருக்கோம். இந்த மாசம் உங்களுக்கு டென்ஷன்."

"வங்கிக்கு அனுப்புங்கோ, தம்பி. சீட்டோட."

"சண்டையா அக்கா?"

"இல்லை. சம்பளம்."

அவன் கை நீட்டியபடியே நின்றது. நான் மாயாவின் சப்பாத்து வாரைக் கழற்றினேன், கை கழுவ விட்டேன், நாளைய உடுப்பை எடுத்து வைத்தேன், தடிப்புக்குக் களிம்பு பூசினேன். காலில் இப்போது குறைவு. தினேஷ் உறையைப் பழத்தட்டுக்கு அருகில் வைத்துவிட்டு மாடிக்குப் போனான். அது அங்கேயே இருக்கிறது. வாடகைக்கு நாலு நாள். அந்த உறை இல்லாமல் வாடகை கொடுக்கலாம், சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டும். பிடிக்கலாம்.

வாசலில் மாயா காலைக் கட்டிக்கொண்டாள். "ஜேஜி, tomorrow you come?" வருவேன் என்றேன். அது பொய் இல்லை. நானாக வேலையை விட்டு நிற்கப் போவதில்லை. நிறுத்துவதானால் அவர்கள் நிறுத்தட்டும், எழுத்தில், காரணத்தோடு.

பயம் இருக்கிறது. ரெஜினா அக்கா சொன்ன எல்லாம் நடக்கலாம். அன்ரன் வருவது ஒரு வருடம் தள்ளிப் போகலாம். என் பங்குக்கு வரி கட்டச் சொன்னால் கட்ட வேண்டும். சந்தியில் தமிழர்கள் யாராவது பார்த்து, இவள்தான் காட்டிக் கொடுத்தவள் என்று சொல்லவும் கூடும். சொல்லட்டும். நான் வேலை செய்த இரண்டு வருடத்தை வேலை செய்த வருடமாக எழுத வேண்டும். அதைவிட வேறொன்றும் கேட்கவில்லை.

நாளைக் காலை அவர்கள் வீட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போவேன், முதல் தடவையாக. வரித் திணைக்களத்தின் தொலைபேசி எட்டு மணிக்குத் திறக்கிறது. இருபத்தாறு திகதிகளும் தாளில் எழுதி வைத்துவிட்டேன். அன்ரனுக்குச் சொல்லவில்லை. ரெஜினா அக்காவுக்கும் இல்லை. பேசி முடித்தபின் சொல்வேன், யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரத்தில்.